டாக்டர் லெட்டர் இருந்தால் பெல்ட் வேண்டாமா? சீட் பெல்ட் கேள்வி பதில்

திருச்சியில் இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் பெல்ட்டை எப்படிப் போடுவது என்று அரை மணி நேரம் சொல்லித்தருவது என் வழக்கம். அதனால் பெல்ட், ஃபைன், சலான் என்று எது வந்தாலும் பழைய மாணவர்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கொஞ்ச நாளாகச் சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கரூரிலிருந்து: அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. பெல்ட் நெஞ்சில் பட்டாலே வலிக்கிறது என்கிறார். டாக்டரிடம் லெட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். போலீஸ் நிறுத்தினால் அதைக் காட்டினால் போதுமா?

போதும் என்று என்னால் சொல்ல முடியாது தம்பி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138(3) தான் பெல்ட் பற்றியது. ஓட்டுபவர், முன் சீட்டில் இருப்பவர், முன்னோக்கிய பின் சீட்டில் இருப்பவர் எல்லாரும் வண்டி நகரும்போது பெல்ட் போட்டிருக்க வேண்டும் என்கிறது. உடல்நிலைக்கென்று அதில் ஒரு விலக்கும் எழுதவில்லை. ஹெல்மெட்டுக்கான 129-ஆம் பிரிவில் தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு என்று சட்டத்திலேயே இருக்கிறது. பெல்ட்டுக்கு அப்படி இல்லை. லெட்டரைப் பார்த்து இரக்கப்பட்டு விடுகிற எஸ்.ஐ.யும் உண்டு, ஃபைன் எழுதுகிறவரும் உண்டு. எழுதிவிட்டால், கோர்ட்டில் அந்த லெட்டரைக் காட்டி உங்கள் நிலைமையை எடுத்துச் சொல்லலாம். மற்றபடி அதைக் கையில் வைத்துக்கொண்டு தைரியமாகப் போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் ஃபைனை விட எனக்குப் பெரிய கவலை வேறு. பைபாஸில் நெஞ்செலும்பை அறுத்துத் திரும்பக் கம்பியால் சேர்த்திருப்பார்கள். அது முழுசாகக் கூட மூன்று மாதம் வரை ஆகும். அந்த நெஞ்சோடு பெல்ட் இல்லாமல் உட்கார்ந்து, ஒரு சடன் பிரேக்கில் டேஷ்போர்டில் போய் மோதினால் என்ன ஆகும்? பெல்ட் போடாமல் இருக்கவே கூடாத ஆள் உங்கள் அப்பாதான். டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொட விடாதீர்கள். பின் சீட்டில் உட்கார வையுங்கள். ஒரு மெல்லிய பருத்தித் துண்டை இரண்டாக மடித்து, தையல் இருக்கும் இடத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் வையுங்கள். பெரிய தலையணை வேண்டாம், பெல்ட் தளர்ந்துவிடும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது லெட்டருக்குப் பதில் இதைக் கேளுங்கள்: "பெல்ட்டை எப்படிப் போட்டால் இவருக்கு வலிக்காது?"

தஞ்சாவூரிலிருந்து: அம்மாவுக்கு இடது பக்கம் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். பெல்ட் அதன் மேலேயே அழுத்துகிறது. என்ன செய்வது?

சீட்டை மாற்றினாலே போதும். நம் ஊர் வண்டியில் இடது பக்க சீட்டுக்கு பெல்ட் இடது தோள் வழியாக வரும், வலது பக்க சீட்டுக்கு வலது தோள் வழியாக வரும். பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழேதான் இருக்கும். அம்மா ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தால் பெல்ட் அந்தப் பக்கமே வராது. என் மாணவி ஒருவரின் அம்மா ஆறு மாதம் பெல்ட்டைக் கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டே பயணம் செய்திருக்கிறார். இடம் மாறி உட்காரச் சொன்ன அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

லண்டனிலிருந்து: எனக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்து, கழிவு வெளியே வந்து சேர ஒரு பை வைத்திருக்கிறார்கள். இங்கே டாக்டரே பெல்ட் விலக்குச் சான்று தருவார் என்கிறார்களே, உண்மையா? ஊருக்கு வரும்போது அது செல்லுமா?

உண்மைதான். பிரிட்டனில் முன் சீட்டுக்கு 1983-லும், பின் சீட்டில் பெரியவர்களுக்கு 1991-லும் பெல்ட் கட்டாயமானது. உடல்நிலைக் காரணத்துக்கான விலக்கு அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது டாக்டர். சான்றில் எத்தனை நாளைக்கு என்று போட்டிருக்கும். அதை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். சான்று இல்லாமல் பிடிபட்டால் 100 பவுண்டு, கோர்ட்டுக்குப் போனால் 500 வரை. 2023 ஜனவரியில் ஓடும் காரில் பெல்ட் போடாமல் வீடியோ எடுத்ததற்காக ரிஷி சுனக் பிரதமராக இருக்கும்போதே ஃபைன் வாங்கினார். அங்கே ஆளைப் பார்த்து விடுவதில்லை.

இந்தியாவில் அந்தச் சான்று செல்லாது. இங்கே அப்படி ஒரு ஏற்பாடே இல்லை. அப்புறம், பை வைத்தவர்கள் நிறையப் பேர் பெல்ட் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். மடியின் குறுக்கே வரும் மடிப் பட்டையைப் பைக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் இறக்கிப் போட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். சான்று கேட்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

நாமக்கல்லிலிருந்து: எனக்கு ஏழு மாதக் கர்ப்பம். குழந்தைக்கு ஆபத்து, பெல்ட் போடாதே என்று மாமியார் சொல்கிறார்.

மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெல்ட்டைத் தப்பாகப் போட்டால்தான் ஆபத்து. சரியாகப் போட்டால் அம்மா, பிள்ளை இருவருக்கும் அதுதான் காவல்.

இப்படிச் செய்யுங்கள் அம்மா. சீட்டில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்து உட்காருங்கள். பக்கிளை மாட்டியதும் மடிப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து வயிற்றுக்கு அடியில், தொடை தொடங்குகிற இடத்தில் இடுப்பெலும்பின் மேல் இறக்குங்கள். வயிற்றின் மேல் ஒருபோதும் வரக் கூடாது. தோள் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவில் வந்து வயிற்றின் ஓரமாக இறங்க வேண்டும். பிறகு தோள் பட்டையை மேல்நோக்கி ஒரு இழு இழுத்து, தளர்வை எடுத்துவிடுங்கள். சேலை கட்டியிருந்தால் தோளில் குத்தியிருக்கும் பின்னைக் கொஞ்சம் தள்ளிக் குத்துங்கள், பட்டை அதன் மேல் அழுத்தினால் உள்ளே இறங்கும். தாலிச் சங்கிலியையும் பட்டைக்கு வெளியே எடுத்து விடுங்கள். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பார்த்துவிட்டால் அவருக்கும் பயம் போய்விடும்.

புதுக்கோட்டையிலிருந்து: நான் உயரம் குறைவு. பெல்ட் கழுத்தை அறுக்கிறது. கைக்கு அடியில் விட்டுக்கொள்கிறேன், தப்பா?

ரொம்பத் தப்பு. அப்படிப் போட்டால் மோதும்போது முழு வேகமும் விலா எலும்பில் இறங்கும், உள்ளே கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணில், பெல்ட் தொடங்குகிற இடத்தில் ஒரு பட்டன் இருக்கிறதா பாருங்கள். அழுத்திக்கொண்டு கீழே தள்ளினால் பெல்ட் இறங்கி வரும். பல வண்டிகளில் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் அதிகம். அது இல்லாத வண்டி என்றால் சீட்டை உயர்த்திப் பாருங்கள்.

மதுரையிலிருந்து: பின் சீட்டுக்கும் ஃபைன் உண்டா? ஊருக்குள் நாற்பது, ஐம்பதில்தானே போகிறோம்?

உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய தொகைகள் நடைமுறைக்கு வந்தன, அதற்கு முன்னால் 100 ரூபாய்தான் வாங்கினார்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம், கணக்குப் போட்டே பார்க்கலாம்.

என் கதையைச் சொல்கிறேன். 2009-இல் விராலிமலை தாண்டி நான்கு வழிச்சாலையில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. வண்டியை ஒடித்தேன், சென்டர் மீடியனில் மோதி நின்றது. நான் பெல்ட் போட்டிருந்தேன். என் பின்னால் இருந்த மச்சினர் போடவில்லை. தோளிலிருந்து இடுப்பு வரை எனக்கு ஒரு நீலக் கோடு விழுந்தது, பெல்ட் பிடித்த தடம். அதோடு போயிருக்க வேண்டியது. ஆனால் இரண்டு விலா எலும்பு உடைந்தது, அதுவும் முதுகுப் பக்கம். மச்சினரின் முழங்காலும் தோளும் என் சீட்டை இடித்துக்கொண்டு வந்து உடைத்தது அது. அவருக்கு முன் பல் நான்கு போயிற்று. இன்றைக்கும் குடும்ப விசேஷத்துக்குப் போனால் பின்னால் ஏறியவுடன் முதலில் பெல்ட் மாட்டுகிறவர் அவர்தான்.

2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கர் பக்கம் சூர்யா ஆற்றுப் பாலத்தில் கார் மோதி, டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த, பாதுகாப்பான கார்தான். பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்த இருவரும் இறந்தார்கள், முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பெல்ட் போடாததால் அந்த ஒரே ஆண்டில் நாட்டில் 16,715 பேர் இறந்ததாக மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை சொல்கிறது. அதில் 8,331 பேர் பயணிகள், அதாவது கிட்டத்தட்டப் பாதி.

சென்னையிலிருந்து, வாடகைக் கார் ஓட்டுபவர்: கஸ்டமர் பின்னால் பெல்ட் போட மாட்டேன் என்கிறார். ஃபைன் யாருக்கு?

உங்களுக்குத்தான் தம்பி. பெல்ட் போடாத பயணியை ஏற்றி ஓட்டுபவர் என்றுதான் சட்டம் சொல்கிறது. அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் முதலில் உங்கள் பின் சீட்டைப் பாருங்கள். முக்கால்வாசி வாடகை வண்டியில் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. போட நினைப்பவரும் தேடிப் பார்த்து விட்டுவிடுகிறார். கவரை வெட்டி பக்கிளை மேலே எடுத்து வையுங்கள். கிளம்பும் முன் "ஐயா, பெல்ட் போட்டுக்குங்க, இல்லேன்னா ஃபைன் எனக்கு வரும்" என்று சொல்லிப் பாருங்கள். தன் உயிருக்காகப் போடாதவர்கள்கூட உங்கள் ஆயிரம் ரூபாய்க்காகப் போடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கோவையிலிருந்து: பெல்ட் போட்டிருந்தேன், ஆனாலும் கேமரா சலான் வந்துவிட்டது. கருப்புச் சட்டை போட்டிருந்தேன்.

கருப்புச் சட்டையில் கருப்பு பெல்ட் தெரியாமல் போவது நடக்கிற விஷயம்தான். இ-சலான் தளத்தில் சலான் நம்பர் போட்டுப் படத்தை இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். தோள் பக்கம் பட்டையின் கோடோ, பக்கிள் பக்கம் வெளிச்சமோ தெரியும். பணத்தைக் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதனால் அவசரப்பட வேண்டாம். தளத்திலேயே புகார் பதிவு செய்யலாம். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குப் போயிருந்தால் கட்டுகிறேன், வழக்காடுகிறேன் என்று இரண்டு வழி இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான கோர்ட்டுக்குப் போகும். தேதியையும் பாருங்கள். கேமரா வழக்கில் 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 167ஏ விதி சொல்கிறது.

சேலத்திலிருந்து: வாட்ஸ்அப்பில் சலான் வந்தது, ஒரு ஆப்பை இறக்கிக் கட்டச் சொல்கிறது.

தொடாதீர்கள், மோசடி. அழித்துவிட்டு, அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனுக்கு நீங்களே போய் வண்டி நம்பர் போட்டுப் பாருங்கள். ரோட்டில் கட்டினாலும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: 'பீப்' சத்தத்தை நிறுத்தும் கிளிப் இப்போது ஆன்லைனில் கிடைக்கவில்லையே?

கிடைக்காததில் எனக்குச் சந்தோஷம். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டு, 13,118 பட்டியல்களை எடுக்க வைத்தது. கிளிப்பை மாட்டினால் ஆள் பெல்ட் போட்டிருக்கிறார் என்று வண்டி நம்பிவிடும். ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணை. பெல்ட் பிடித்து நிறுத்திய உடம்பைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பிடிமானம் இல்லாமல் பாய்ந்து வருகிற முகத்தில் அது வெடித்தால், அதுவே காயம் ஆகும்.

காரைக்குடியிலிருந்து: தாத்தாவின் பழைய அம்பாசடரில் பெல்ட்டே கிடையாது. ஃபைன் போடுவார்களா?

பெல்ட் பொருத்தித் தரப்பட்ட வண்டியில் போட வேண்டும் என்பதுதான் விதி. கம்பெனியிலிருந்தே இல்லாமல் வந்த வண்டிக்கு அது பொருந்தாது. இருந்ததைக் கழற்றிப் போட்டிருந்தால் அது வேறு கதை. எப்படியும் குழந்தைகளை அதில் ஹைவேயில் அழைத்துப் போகாதீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: ஒரு வயதுக் குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்கிறோம். என் பெல்ட்டுக்குள்ளேயே சேர்த்துப் போடலாமா?

கூடவே கூடாது. மோதும்போது உங்கள் எடை முழுதும் குழந்தையை பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். பெல்ட்டுக்கு வெளியே வைத்தாலும் பிடிக்க முடியாது. பத்து கிலோ குழந்தை அந்த நொடியில் நூறு கிலோவுக்கு மேல் கனத்து இழுக்கும், எந்த அம்மாவின் கையும் அதைத் தாங்காது. பின் சீட்டில் குழந்தை சீட் பொருத்தி, பின்னோக்கி உட்கார வையுங்கள். அந்தச் சீட்டை ஏர்பேக் இருக்கும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். 14 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லையென்றால் தனியாக 1,000 ரூபாய் ஃபைன் உண்டு.

அரியலூரிலிருந்து: செகண்ட் ஹேண்டில் கார் பார்த்திருக்கிறேன். பெல்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. பெல்ட்டை முழுக்க, கடைசி வரை வெளியே இழுங்கள். நூல் பிரிந்திருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் மழமழவென்று தேய்ந்தோ அலையலையாகவோ இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் அந்த வண்டி ஒரு முறை பலமாக மோதியிருக்க வாய்ப்புண்டு. பிறகு சட்டென்று வெடுக்கென இழுங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும். மெதுவாக விட்டால் தானாக உள்ளே போக வேண்டும். பக்கிள் ஒரே 'டக்'கில் மாட்ட வேண்டும், ஒரு விரலில் கழல வேண்டும். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும், அணையாமல் நின்றாலும் விட்டுவிடுங்கள். விபத்தில் வேலை செய்த பெல்ட்டைத் துவைத்து மாட்டியிருந்தால் அதை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.