ஈட்டி எறியும் மகனுக்குப் படிப்பா, பயிற்சியா? கோத்தகிரி அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தேன். தம்பிக்குப் பிறவியிலேயே இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். அவன் ஈட்டி எறிவதைப் பார்த்த பி.டி. சார், "இவனை விட்டுடாதீங்க, பெரிய ஆளா வருவான்" என்கிறார். தேயிலை ஃபேக்டரிக்குப் போய்வரும் அப்பாவோ, "ஈட்டி எறிஞ்சா சோறு கிடைக்குமா? பாலிடெக்னிக்கில் சேர்" என்கிறார். இரண்டு பேரும் அவன் நல்லதுக்குத்தான் பேசுகிறார்கள். நான் சொல்வது இதுதான்: எறிதல் போட்டியில் வர நினைக்கிற பிள்ளை படிப்பை எந்தக் கட்டத்திலும் விடக்கூடாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒருவருடைய கதையைக் கேளுங்கள்.

தேவேந்திர ஜஜாரியா, ராஜஸ்தான் சூரு மாவட்டத்துக்காரர். எட்டு வயதில் மரம் ஏறியபோது மின்கம்பி பட்டு இடது கை போனது. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஈட்டியை 62.15 மீட்டர் எறிந்து, உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 23. அதற்கு அடுத்த 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் அவர் பெயர் இல்லை. அவருக்கு அடி எதுவும் படவில்லை, திறமையும் குறையவில்லை. ஒரு கையில் குறை உள்ளவர்களுக்கான எஃப்46 என்ற அவருடைய பிரிவுக்கு அந்த இரண்டு பாராலிம்பிக்கிலும் ஈட்டி எறிதலே வைக்கவில்லை! உலக சாதனை கையில் இருந்தும் எறிய மேடை இல்லை. பிறகு 2016 ரியோவில் அந்தப் போட்டி திரும்ப வந்ததும், 63.97 மீட்டர் எறிந்து தன் சாதனையைத் தானே முறியடித்து மறுபடி தங்கம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில், 40 வயதில், 64.35 மீட்டர் எறிந்து வெள்ளி. 2022இல் பத்மபூஷண். பாரா விளையாட்டு வீரர்களில் அந்த விருதை முதலில் வாங்கியவர் அவர்தான். 2024இல் இந்தியப் பாராலிம்பிக் கமிட்டியின் தலைவரும் ஆனார்.

எல்லோரும் இந்தப் பதக்கங்களைத்தான் பேசுவார்கள். பெற்றோர் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கிற அந்த 12 வருடத்தை. அவர் ரயில்வேயில் வேலை பார்த்தார், பிறகு இந்திய விளையாட்டு ஆணையத்துக்குப் போனார். மாதச் சம்பளம் இல்லாத ஒருவர் அத்தனை வருடம் ஈட்டியைக் கீழே வைக்காமல் இருந்திருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்றும் இதில் இருக்கிறது. 23 வயதில் தொடங்கி 40 வரைக்கும் பதக்கம் வாங்கியிருக்கிறார். எறிதல் அப்படிப்பட்ட துறை, உடல் முற்றி வலு சேரச் சேரத் தூரம் கூடும். 16 வயதுப் பையனுக்கு எந்த அவசரமும் இல்லை.

சரி, முதலில் செய்ய வேண்டியது என்ன? தம்பி எந்தப் பிரிவில் வருவான் என்று தெரிந்துகொள்வது. பாரா தடகளத்தில் எஃப் என்ற எழுத்து களப் போட்டியைக் குறிக்கும், அதை அடுத்து வரும் எண் உடல்நிலையின் வகையைக் காட்டும். ஒரு கை மணிக்கட்டிலோ அதற்கு மேலேயோ இல்லாதவர்கள் பெரும்பாலும் எஃப்46இல் வருவார்கள், ஆகவே தம்பியும் அதில் வருவான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை நானோ பி.டி. சாரோ முடிவு செய்ய முடியாது. தேசிய அளவிலான போட்டிக்குப் போகும்போது அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் சோதிப்பார்கள். சர்வதேசப் போட்டி என்றால் மறுபடி ஒரு சோதனை: மருத்துவக் காகிதங்கள், உடல் பரிசோதனை, எறிந்து காட்டுவது, போட்டி நடக்கும்போது கவனிப்பது என்று பல கட்டம். டோக்கியோவில் நம் நாட்டு வீரர் ஒருவர் வட்டு எறிதலில் மூன்றாவதாக வந்தும், அந்தப் பிரிவுக்கு அவர் தகுதி இல்லை என்று முடிவாகிப் பதக்கம் பறிபோனது. அதனால் "பிரிவை மாத்தித் தர்றோம், சுலபமா ஜெயிக்கலாம்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வேண்டுமென்றே குறையைக் கூட்டிக் காட்டியது தெரிந்தால் வருடக்கணக்கில் தடை விழும்.

பிரிவு தெரியாமல் தூரத்தை ஒப்பிடவே கூடாது. நீரஜ் சோப்ரா 90.23 மீட்டர் எறிந்தார். செயற்கைக் காலோடு எறியும் எஃப்64 பிரிவில் சுமித் அன்டிலின் உலக சாதனை 73.29. உயரம் குறைந்தவர்களுக்கான எஃப்41இல் நவ்தீப் சிங் 47.32 மீட்டர் எறிந்து 2024 பாரிஸில் தங்கம் வாங்கினார். தம்பி எறிகிற தூரத்தை யாரோடு வைத்துப் பார்ப்பது என்று இப்போது புரியும். அவனுடைய எஃப்46 ஈட்டியில் பாரிஸில் தங்கம் 66.14 மீட்டருக்கு, கியூபா வீரருக்குப் போனது. வெள்ளி அஜீத் சிங் 65.62, வெண்கலம் சுந்தர் சிங் குர்ஜார் 64.96, இரண்டு பேரும் இந்தியர்கள். ஒரு நாட்டிலிருந்து மூன்று பேருக்கு மேல் போக முடியாது. அதாவது, இந்தப் பிரிவில் இந்திய அணிக்குள் நுழைவதே உலகப் பதக்கம் வாங்குவதற்குச் சமமான பாடு. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை மட்டும் ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே குண்டு எறிதலையும் அவன் பழகட்டும். அதே பிரிவில் சச்சின் கிலாரி பாரிஸில் 16.32 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கியிருக்கிறார்.

குண்டு எறிதலைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் மலை. ஈட்டிக்கு ஓடிவர மட்டுமே 30 மீட்டராவது சமமான தரை வேண்டும், அப்புறம் ஈட்டி விழ ஆள் நடமாட்டம் இல்லாத நீண்ட வெளி வேண்டும். நீலகிரியில் சமதரை எவ்வளவு அரிது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைச் சரிவில் எறிந்து பழகினால் ஓட்டத்தின் தாளம் கெடும், கணுக்கால் பிசகும், கீழே கொழுந்து பறிப்பவர்களுக்கும் ஆபத்து. குண்டுக்கு வட்டமும் கொஞ்சம் இடமும் போதும், பள்ளி மைதானத்திலேயே முடியும். (சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: உட்கார்ந்து எறிகிற போட்டிகளுக்கு ஓடுபாதையே வேண்டாம். இருக்கையைத் தரையோடு அசையாமல் கட்டிவிட்டு எறியலாம். தீபா மாலிக் 2016இல் அப்படி உட்கார்ந்து குண்டு எறிந்துதான் இந்தியப் பெண்களுக்கான முதல் பாராலிம்பிக் பதக்கத்தை வாங்கினார்.)

ஈட்டிப் பயிற்சிக்கு ஊட்டி ஹெச்.ஏ.டி.பி. மைதானத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். விடுமுறையில் கோவை நேரு ஸ்டேடியத்துக்கும் போய்வரட்டும். போட்டியெல்லாம் சமவெளியில், வெயிலில்தான் நடக்கும். குளிரிலேயே வளர்ந்த உடம்பு அதற்கும் பழக வேண்டும். ஈட்டியைக் கையோடு தூக்கிப் போக வேண்டாம். ஆண்களுக்கான 800 கிராம் ஈட்டி 2.6 மீட்டருக்கும் குறையாத நீளம், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அதை எங்கே வைப்பது? மைதானத்தில் இருப்பதைப் பயன்படுத்தட்டும். போட்டித் தர ஈட்டிக்குக் கடன் வாங்கும் யோசனை இப்போது வேண்டவே வேண்டாம்.

உடம்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரு பக்கக் கையின் எடை இல்லாதபோது எறியும்போது உடல் ஒரு பக்கம் சாயும், அந்தச் சுமை இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். இடுப்பு, வயிறு, கால் வலுவுக்கான பயிற்சி முதலில், தூரம் அப்புறம். தோளோ முழங்கையோ வலித்தால் அன்றைக்கு எறியக் கூடாது. ஜிம்மில் யாரோ தரும் பவுடரையோ, சளிக்கு வாங்கும் சிரப்பையோ கூடக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் "தெரியாமல் சாப்பிட்டேன்" என்பது எடுபடாது.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பாராலிம்பிக் தங்கத்துக்கு மத்திய அரசு பாரிஸ் முடிந்ததும் 75 லட்சம் ரூபாய் கொடுத்தது. சேலத்து மாரியப்பன் தங்கவேலுவுக்கு ரியோ தங்கத்துக்காகத் தமிழ்நாடு அரசு 2 கோடி கொடுத்தது. இந்தத் தொகையை வைத்து வீட்டுக் கணக்குப் போடாதீர்கள், அது சிலருக்கு மட்டும் வருவது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதமும், உயர்கல்வியில் 5 சதவீதமும் இட ஒதுக்கீடு சட்டப்படி உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் தனி. தேசியப் பதக்கமும் பட்டமும் கையில் இருக்கும் பையனுக்கு இரண்டு கதவும் திறக்கும். பட்டம் இல்லாவிட்டால் பதக்கம் இருந்தும் கீழ்நிலைப் பணிதான் மிஞ்சும்.

என் யோசனை: பிளஸ் ஒன் சேருங்கள், பிறகு கோவையில் மைதானம் உள்ள கல்லூரியில் பட்டப்படிப்பு. பிற்காலத்தில் பயிற்சியாளராக நினைத்தால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ படிக்கவும் வழி இருக்கும். அப்பா பாலிடெக்னிக்தான் என்று உறுதியாக இருந்தால் ஊட்டி அரசு பாலிடெக்னிக்கில் சேருங்கள். மைதானமும் அதே ஊரில் இருப்பதால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

தம்பிக்கு யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இல்லையென்றால் இந்த மாதமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, முதல் போட்டியாக அது போதும். அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது அப்பாவையும் தம்பியையும் கூட்டி வாருங்கள். உங்கள் கடிதத்தில் எல்லோரும் பேசியிருக்கிறார்கள், அவன் மட்டும் பேசவில்லை. தினமும் காலையில் எழுந்து எறியப் போவது அவன்தான், அவனுக்கு இது வேண்டுமா என்று அவனிடமே கேட்டுவிட்டு மற்றதைப் பேசுவோம்.