எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு குமட்டல், வாந்தி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

அக்காவுக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி இரண்டு மாசம், சோறு சாப்பிடுகிற நாளெல்லாம் வாந்தி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காட்பாடி, எனக்கும் அதே ஆபரேஷன்தான்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் குறுகலான ஒரு குழாய்தான். ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்த வாய் போனால் மேலேதான் வரும். சின்ன ஸ்பூனில் எடுத்து, கூழாகும்வரை மென்று விழுங்கட்டும். திடீர் விக்கல், மூக்கில் நீர், வாயில் எச்சில் ஊறுவது, நெஞ்சுக்குழியில் அழுத்தம், இதெல்லாம் வயிறு நிறைந்ததற்கு அடையாளம். அதற்கு மேல் ஒரு பருக்கைகூட வேண்டாம். "இன்னும் ரெண்டே வாய்மா" என்று ஊட்ட வரும் பெரியவர்களிடம் அக்காவுக்காக நீங்கள் பேசுங்கள், பாவம், அவரால் முடியாது.

சோறு, பிரெட், வறண்ட கோழிக்கறி மூன்றும் அடைத்துக்கொள்ளும். இப்போதைக்குக் குழைய வெந்த பருப்பு, தயிர், மசித்த முட்டை போதும். ஆம்பூர் பிரியாணி ஓடிப்போகாது.

வேலூர் வெயிலுக்குச் சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடிப்போம். தண்ணீரோடு காற்றும் போய்க் குமட்டும். டம்ளரில் வாய் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும். நீர் குறைந்தாலும் குமட்டும். சாப்பாட்டோடு வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும்.

இரண்டு மாசமாக வாந்தி இருக்கிறது என்பதால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள். குழாய் எங்காவது சுருங்கியிருக்கலாம். தண்ணீர்கூடத் தங்கவில்லை, ஒரு நாளாக வாந்தி நிற்கவில்லை, காய்ச்சல், படபடப்பு, கடும் வயிற்றுவலி என்றால் அந்த நிமிஷமே கிளம்புங்கள்.

நான் பயப்படுவது தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வரும் பழக்கத்துக்குத்தான். வாந்தி தொடர்ந்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதை முதலில் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். நடை தள்ளாடுகிறது, பார்வை இரட்டையாகத் தெரிகிறது, பேச்சு குழம்புகிறது என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை அக்காவின் கைப்பையிலேயே வையுங்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் ஊசி போடுவதற்கு முன்பே, "ஸ்லீவ் ஆபரேஷன் ஆனவங்க, பல நாளா வாந்தி, தயமின் கொடுக்கணுமா பாருங்க" என்று சொல்லிவிடுங்கள்.