கல்லடிக்கு ஒரு வலை

கேள்வி: எங்கள் காரின் ஏசியில் குளிர்ச்சி திடீரெனக் குறைந்ததால் கேஸ் நிரப்பினோம். இரண்டே வாரத்தில் மீண்டும் வெப்பக் காற்று வந்தது. வேறொரு மெக்கானிக், கண்டென்சரில் கல் பட்டு ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துப் புதியது மாற்றினார். முன்பக்கம் கம்பி வலை பொருத்தச் சொல்கிறார்கள் சிலர். பொருத்தினால் எஞ்சின் சூடாகிவிடும் என்கிறார்கள் வேறு சிலர். எதைக் கேட்பது?

பதில்: வலையைப் பொருத்துங்கள். ஆனால் எப்படிப்பட்ட வலை, அதை எங்கே கட்டுவது என்பதைக் கவனிக்காவிட்டால் இரண்டாவது தரப்பினரின் அச்சம் உண்மையாகிவிடும்.

கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்கி அனுப்பும் கேஸ், கண்டென்சரில்தான் காற்றுப் பட்டுத் திரவமாகிறது. அதனால் அதை ரேடியேட்டருக்கும் முன்னால், காற்று நேரே மோதும் இடத்தில் வைத்தாக வேண்டியிருக்கிறது. சக்கரங்கள் வாரியிறைக்கும் கல்லும் அதே வழியாகத்தான் உள்ளே வருகிறது. கண்டென்சரின் தட்டையான அலுமினியக் குழாய்களின் சுவர் மிக மெல்லியது. ஏசி ஓடும்போது உள்ளே இருக்கும் அழுத்தமோ கார் டயரில் இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

ஒருமுறை காரின் முன்னால் குந்தி அமர்ந்து, பம்பரின் கீழ்த் திறப்பு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்களுக்கு இடையே உள்ள நெளிதகடுகள் ஆங்காங்கே மடங்கியிருக்கும். அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டும் தூசி ஈரமாக, கருமையாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கவனியுங்கள். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் கசிவதால், ஓட்டை இருக்கும் இடம் பெரும்பாலும் அந்தப் பிசுக்கை வைத்தே தெரிந்துவிடும்.

வலையின் கண் 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். கொசுவலை போன்ற நெருக்கமான வலை, பூச்சியையும் தூசியையும் பிடித்து விரைவில் அடைத்துக்கொண்டு, ஏசியையும் எஞ்சினையும் ஒருசேரத் திணறடிக்கும். வலையைப் பம்பர் திறப்பின் உட்புறச் சட்டத்தில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். கண்டென்சரிலேயே கட்டும் தவறை மட்டும் செய்யாதீர்கள். கல் பட்டு வலை உள்வாங்கினாலும் தகடுகளைத் தொடாத அளவுக்கு இடைவெளி வேண்டும். இரும்பு வலை அலுமினியத்தோடு உரசிக்கொண்டிருந்தால், உப்பும் ஈரமும் சேரும்போது அந்த இடம் அரிக்கத் தொடங்கும். உங்கள் காரின் முன்பக்கத்தில் ரேடார் சென்சார் இருந்தால் அதை வலையால் மறைக்கக் கூடாது. காற்றுக்கேற்பத் திறந்து மூடும் கிரில் இருந்தால் அதன் அசைவை வலை தடுக்கக் கூடாது. கட்டிய பிறகு, ஏசியை ஓடவிட்டு நீண்ட ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டி, எஞ்சின் வெப்பமானியைக் கவனியுங்கள்.

வலை இருக்கிறதே என்று லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், ஜல்லி பரப்பிய சாலையில் வேகத்தைக் குறைத்து இடைவெளி விடுவது எந்த வலையையும்விட அதிகம் காப்பாற்றும். கார் கழுவும்போது உயர் அழுத்தத் தண்ணீரை அருகிலிருந்து கண்டென்சர் மீது பாய்ச்சுவதையும் தவிர்த்துவிடுங்கள். கல் செய்யாத சேதத்தை அது செய்து, தகடுகளை வரிசையாக மடக்கிவிடும்.

கேள்வி: புதியது வாங்காமல், ஓட்டையைப் பசை வைத்து அடைக்க முடியாதா?

பதில்: அந்த அழுத்தத்துக்கும், மாறி மாறி வரும் சூட்டுக்கும் பசை நின்று பிடிப்பதை நம்ப முடியாது. கேஸோடு கலந்து ஏற்றும் கசிவடைப்பான்கள் வால்வை அடைத்து, செலவைக் கூட்டிவிடக்கூடும். கசிவை அப்படியே விட்டுவிட்டுக் கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டே இருப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பல கார்களில் உள்ள ஆர்-134ஏ கேஸ், எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்குக் குறையாமல் புவியைச் சூடேற்றக்கூடியது. கண்டென்சரை மாற்றும்போது ஈரம் உறிஞ்சும் டிரையரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பிறகு வேக்யூம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் முழுதாக இழுத்துவிட்டு, பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் குறிப்பிட்டிருக்கும் எடைக்குச் சரியாகக் கேஸ் ஏற்றுகிறார்களா என்று அருகில் நின்று பாருங்கள்.