ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிப் பொம்மை எதற்கு?

வணக்கம் டொக்டர்,

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கனடாவில் காசு சேர்த்து ஆஸ்பத்திரிக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நிற்கிறார்கள். இங்குள்ள இளம் வைத்தியர் ஒருவர் நெஞ்சுக்குள் குழாய் போட்டுப் பழகும் பொம்மை கேட்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டில் போதாத இடத்தில் பொம்மையா? யுத்த காலத்தில் வன்னியில் உயிர் காத்த வைத்தியர்கள் எந்தப் பொம்மையில் பழகினார்கள்?

– சி., விசுவமடு

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவர்கள் காயப்பட்ட எங்கள் சனங்களில் பழகினார்கள். வேறு ஊர் வைத்தியர் வருடக்கணக்கில் காணாத காயங்கள் அவர்களிடம் ஒரே நாளில் வந்து குவிந்தன. அவர்களை வணங்குகிறேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் இனி இந்த மண்ணில் திறக்கவே கூடாது.

இன்று ஏ9 வீதி விபத்து, யானை அடித்தது, காட்டு மிருகத்துக்குக் கட்டிவைத்த கட்டுத்துவக்கு வெடித்தது, பனையால் விழுந்தது என்று காயங்கள் வருகின்றன. ஆனால் உடனே நெஞ்சுக் குழாய் போட வேண்டியவர் சிறிய ஆஸ்பத்திரிக்கு எப்போதாவதுதான் வருவார். அந்த இரவில் கடமையில் நிற்பது உள்ளகப் பயிற்சி முடித்து அண்மையில் வந்த பிள்ளையாக இருக்கலாம். முறிந்த விலா நுரையீரலில் குத்தினால், ஒவ்வொரு மூச்சிலும் காற்று நெஞ்சறைக்குள் ஒழுகும், வெளியே வர வழியிருக்காது. அது சேரச் சேர இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைப்படும். நிமிடக் கணக்கில் உயிர் போகும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். அம்புலன்ஸில் ஏற்றும் முன்பே அந்தக் காற்றை வெளியேற்றியாக வேண்டும்.

அதற்குக் குழாய் போட எங்கே வெட்டுவது என்று புத்தகத்தில் இருக்கிறது. அக்குளுக்குக் கீழே, 5ஆவது விலா இடைவெளியில், கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். மேல் விலாவின் அடியில் இரத்தக் குழாய்களும் நரம்பும் ஓடுகின்றன. சரி, கிளாம்ப் என்ற இடுக்கியால் தசையை விலக்கி எவ்வளவு அழுத்துவது? நெஞ்சறையின் உள்சவ்வு சட்டென்று விடுவதை எப்படி உணர்வது? அது கைக்குத்தான் தெரிய வேண்டும். பயந்த கை போதாமல் அழுத்தும், அல்லது நுரையீரலையே கிழித்துவிடும். அந்த முதல் தடுமாற்றம் ஒரு தகப்பனின் நெஞ்சில் நடக்க வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

இதை வெளிநாட்டு ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு முறிவு வைத்தியர் ஓட்டி வந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்துபோனார், பிள்ளைகள் படுகாயம். அருகிலிருந்த கிராமத்து ஆஸ்பத்திரிக்கு அவர்களைப் பார்க்கும் ஆயத்தம் இருக்கவில்லை. அந்தத் துயரத்திலிருந்துதான் 1978இல் விபத்துச் சிகிச்சைப் பயிற்சி நெறி ஒன்று பிறந்து, பிறகு உலகமெங்கும் பரவியது.

விலை கூடிய பொம்மைதான் வேண்டும் என்றில்லை. இறைச்சிக் கடையில் உள்சவ்வு கிழியாமல் ஆட்டு விலா கேட்டு வாங்கினால் குழாய் போட்டுப் பழகலாம். ஆட்டு மூச்சுக்குழாயில் கழுத்து வழியாகச் சுவாசப் பாதை திறந்து பழகலாம். அதில் இரத்தம் பீறிடாது, நோயாளி திமிறவும் மாட்டார். ஆகவே மூத்த சத்திரசிகிச்சை நிபுணருக்குப் பக்கத்தில் நின்று செய்வதும் கட்டாயம் வேண்டும்.

ஆக, பிள்ளைகளின் காசில் ஒரு பகுதியை மாதத்தில் ஒருநாள் பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அதை வேறெங்கும் வைக்காமல் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே, தாதியரும் சிற்றூழியரும் அம்புலன்ஸ் ஆட்களும் சேர்ந்து செய்யட்டும். குழாய் எந்த லாச்சியில் இருக்கிறது, இரத்தம் கேட்டு யார் ஃபோன் எடுப்பது என்பதெல்லாம் அங்கேதான் வெளிக்கும். அப்புறம், கட்டில் தருவது அரசின் கடமை. அதைச் சுகாதாரத் திணைக்களத்திடம் விடாமல் கேளுங்கள்.

காசு அனுப்பும் முன் அந்த வைத்தியரிடம் ஒன்று கேளுங்கள்: அவருக்கு இடமாற்றம் வந்தால் பயிற்சியை யார் தொடர்ந்து நடத்துவார்? ஒரு தாதிய உத்தியோகத்தரின் பெயரை அவர் சொன்னால், தயங்காமல் கொடுங்கள்.