ஸ்பானியத் தொல்லியல் அறிக்கைகளில் வரும் பண்டைய கோட்டைச் சொற்களை ஆங்கிலத்தில் எவ்வாறு மொழிபெயர்ப்பது? நல்ல அகராதி ஒன்று போதுமா?

போதாது என்பதே, சில ஆண்டுகளாக இவ்வகை அகழாய்வு அறிக்கைகளை மொழிபெயர்த்துவரும் என் அனுபவம். அகராதியில் சொல் இல்லாமல் போவது அரிது. ஸ்பானியச் சொல்லின் அதே சாயலில் ஓர் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கும்; அந்தச் சாயலை நம்பும் இடத்தில்தான் பிழை நேர்கிறது.

நான் முதலில் பிழை செய்தது 'ஃபோசோ' என்ற சொல்லில். அகராதி 'மோட்' என்றது. நானும் அறிக்கை முழுவதும் அப்படியே எழுதிவிட்டேன். வறண்ட குன்றின் உச்சியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அறிக்கையை எழுதிய ஆய்வாளர் கேட்ட பிறகே, 'மோட்' என்று படிக்கும் ஆங்கில வாசகர் நீர் நிறைந்த அகழியைக் கற்பனை செய்துகொள்கிறார் என்பது எனக்கு உறைத்தது. நீரில்லாத அகழிக்கு 'டிட்ச்' என்றே எழுத வேண்டும். அகழப்பட்டது என்ற பொருளை மட்டுமே கொண்ட நம் 'அகழி' இரண்டையும் தன்னுள் அடக்கிக்கொள்வதால், தமிழில் சிந்திப்பவருக்கு இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படாது. ஆனால் கட்டலோனியாவின் ஆர்பெகா ஊருக்கு அருகிலுள்ள எல்ஸ் விலார்ஸ் என்ற இரும்புக்காலக் கோட்டையைச் சூழ்ந்த அகழி, நீர் நிரப்பத்தக்கதாக அமைக்கப்பட்டது என்று அதை அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள். அங்கே 'மோட்' பொருந்தும்.

அதே எல்ஸ் விலார்ஸில் மதிலுக்கு வெளியே, பகைவர் விரைந்து நெருங்க முடியாதபடி நெருக்கமாக நடப்பட்ட கற்கள் உள்ளன. ஸ்பானிய மொழியில் இவை 'பியெத்ராஸ் இன்காதாஸ்', அதாவது நம் ஊர்ப் பேச்சில் குத்துக்கற்கள். ஆங்கிலத் தொல்லியலில் இதற்கு நிலைத்துவிட்ட பெயர் 'ஷவோ த ஃப்ரீஸ்' என்ற பிரெஞ்சுத் தொடர். அயர்லாந்தின் டூன் எங்கஸ் கோட்டையில் உள்ள இதே அமைப்பையும் அவ்வாறே அழைக்கிறார்கள். குதிரைப்படையைத் தடுக்க வைத்த, கூர்முனைகள் செருகிய மர உத்தரத்துக்கு வழங்கிய பெயர் அது. ஆகவே அந்தத் தொடரை முதன்முறை எழுதும்போது, இங்கே அது நட்ட கற்களைக் குறிக்கிறது என்ற விளக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

'காஸ்த்ரோ', 'காம்பமென்தோ' ஆகிய இரண்டும் இன்னும் கடினமானவை. முன்னதன் லத்தீன் வேர் படைக்காவலிடத்தைக் குறிக்கும். ஆனால் கலிசியாவிலும் அஸ்தூரியாஸிலும் காஸ்த்ரோ என்பது மதில் சூழ்ந்த இரும்புக்காலக் குன்றுக் குடியிருப்பு. ஆதலால் அது 'ஹில்ஃபோர்ட்' ஆகுமேயன்றி ரோமானிய முகாம் ஆகாது. படைமுகாம் என்று பொருள்படும் காம்பமென்தோ உண்மையிலேயே ரோமானியருடையது. எனினும் பண்டைய நகரமான நுமான்சியாவுக்கு அருகே ரெனியெப்ளாஸில் உள்ள முகாம்களுக்கு 'கேம்ப்' என்று எழுதலாமே தவிர, ஏழாம் லீஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவு நிலைகொண்ட லியோன் நகரத்துக்கு அப்படி எழுதக் கூடாது. பிரித்தானியத் தொல்லியலாளர்கள் தற்காலிகத் தங்கலையே கேம்ப் என்கிறார்கள். லியோனைப் போன்ற நிரந்தரப் படைத்தளத்தை 'லீஜனரி ஃபோர்ட்ரெஸ்' என்பார்கள்.

நான் மிகவும் தயங்கி முடிவெடுக்கும் சொல் 'கசமாத்தா'. நவீனப் போர்க் கட்டடக்கலையில் இதன் ஆங்கில வடிவமான 'கேஸ்மேட்' பீரங்கி வைக்கும் காப்பறையைக் குறிக்கிறது. அதனால் பண்டைய மதிலுக்கு அச்சொல்லைத் தவிர்க்கத் தோன்றும். தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. இரண்டு இணைச் சுவர்களுக்கு இடையே குறுக்குச் சுவர் எழுப்பி அறைகளாகப் பிரித்த மதிலை, கிழக்கு மத்தியதரைக் கரையை ஆராய்வோர் நெடுங்காலமாக அப்பெயராலேயே அழைக்கிறார்கள். காதிஸ் வளைகுடாவில், அந்தக் கரையிலிருந்து வந்த பினீசியர் குடியேறிய தோன்யா பிளாங்காவிலும், கி.மு. 227 அளவில் பினீசிய வழிவந்த கார்த்தேஜியர் நிறுவிய கார்தஹேனாவிலும் இத்தகைய மதில்கள் இருக்கின்றன. அதே சொல்லைக் காப்பாற்றினால் அந்த மரபு எங்கிருந்து வந்தது என்பதும் வாசகருக்கு விளங்கும். ஆனால் 'கஹோனெஸ்', அதாவது பெட்டிகள், என்று ஆசிரியர் எழுதியிருந்தால் அந்த அறைகள் பெரும்பாலும் கல்லும் மண்ணும் இட்டு நிரப்பப்பட்டவை. அதையும் கேஸ்மேட் என்று எழுதினால், ஆசிரியர் சொல்லாத ஒரு கருத்தை அவர் மேல் ஏற்றியவர்கள் ஆவோம்.

அல்மேரியாவின் லோஸ் மில்யாரெஸ் 1891இல் இருப்புப்பாதை வேலையின்போது வெளிப்பட்ட செப்புக்காலக் குடியிருப்பு. அதன் மதிலிலிருந்து அரைவட்டமாகப் புடைக்கும் 'பாஸ்தியோன்' கொத்தளங்களை ஆங்கிலத்திலும் 'பாஸ்டியன்' என்றே எழுதுகிறார்கள். பீரங்கிக் காலத்துக் கூர்கோணக் கொத்தளம் நினைவுக்கு வராதிருக்க, 'அரைவட்ட' என்ற அடையைச் சேர்ப்பது நல்லது. அங்கே வாயிலுக்கு முன் நீளும் 'பார்பகானா' ஐயமின்றி 'பார்பிகன்' ஆகும். ஆனால் இடைக்காலக் கோட்டைகளைப் பற்றிய அறிக்கைகளில் அச்சொல் மதிலுக்கு இணையாக ஓடும் தாழ்ந்த புறச்சுவரையும் குறிப்பதுண்டு. வாயில் எங்கே என்று தரைப்பட வரைவில் பார்க்காமல் அதை மொழிபெயர்ப்பதில்லை. வரைவு இணைக்கப்படாமல் வரும் அறிக்கைகளுக்கு முதலில் அதைக் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

இரண்டு கோபுரங்களுக்கு இடைப்பட்ட மதில் பகுதியான 'லியென்சோ' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஸ்பானியத்தில் அதற்கு லினன் துணி, ஓவியத் துணி என்றும் பொருள் உண்டு. ஆங்கிலத்திலும் அப்பகுதியின் பெயர் 'கர்டன்', அதாவது திரைச்சீலை. இரு மொழிகளும் கல்மதிலைத் துணியாகவே கண்டிருக்கின்றன. எனினும் ஓவியத் துணி என்ற பொருளில் அது மொழிபெயர்க்கப்பட்டிருந்த பிரதிகளை இருமுறை திருத்தியிருக்கிறேன்.