சி-ஆர்ம் வைத்து ஆபரேஷன்: ஜெர்மன் மெஷினுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 74. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பை ஒட்டித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷினில் பார்த்தபடியே எலும்புக்குள் ராடு போடலாம், நாளைக்கே ஆபரேஷன் என்கிறார் எங்கள் ஊர் டாக்டர். மாமாவோ, கோவையில் ஜெர்மன் 3டி மெஷின் இருக்கிறது, ஒரு வாரம் பொறுத்து அங்கே போகலாம் என்கிறார். இரண்டு மணி நேரம் எக்ஸ்ரே பட்டால் அப்பாவுக்கு ஆபத்தா? தங்கை ஏழு மாதக் கர்ப்பிணி. அவளை அப்பா பக்கத்தில் விடலாமா?
- கோவில்பட்டி வாசகர்

பதில்: இவருக்குக் கேள்வி வந்த அன்றே போனில் சொல்லிவிட்டேன். ஆனால் இதே பயம் பல வீடுகளில் இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தங்கை. தாராளமாக அப்பா பக்கத்தில் உட்காரட்டும், கஞ்சி ஊட்டட்டும். எக்ஸ்ரே உடம்பில் தங்காது. பெட் ஸ்கேன், தைராய்டுக்கான அயோடின் சிகிச்சை போன்றவற்றில் கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்துவார்கள். அப்போதுதான் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பெட் ஸ்கேனுக்குப் பின் சில மணி நேரமும், அயோடின் சிகிச்சைக்குப் பின் சில நாளும் தள்ளியிருக்க வேண்டும். அந்த அறிவுரையை எல்லாவற்றுக்கும் சேர்த்துக்கொண்டதில் வந்த குழப்பம் இது.

சி-ஆர்ம் என்பது 'சி' எழுத்துபோல வளைந்த ஒரு பெரிய கை. ஒரு முனையில் எக்ஸ்ரே குழாய், மறுமுனையில் படம் பிடிக்கும் பகுதி, நடுவே நோயாளி. பிலிப்ஸ் நிறுவனம் 1955-ல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பெல்லாம் ஆபரேஷனை நிறுத்திவிட்டு, ஃபிலிம் கழுவி வரும்வரை தியேட்டரே காத்திருக்கும். இப்போது காலடியில் இருக்கும் சுவிட்சை மிதித்தால் திரையில் எலும்பு தெரியும். காலை எடுத்தால் எக்ஸ்ரே அந்த நொடியே நின்றுவிடும். ஆபரேஷன் இரண்டு மணி நேரம் நடந்தாலும், மிதித்த நேரத்தையெல்லாம் கூட்டினால் இந்த மாதிரி முறிவுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான் வரும். அப்பாவுக்குச் சேரும் கதிர்வீச்சு ஒரு வயிற்று சி.டி. ஸ்கேனைவிடக் குறைவு. உண்மையில் கவலைப்பட வேண்டியது தினமும் அங்கே நிற்கும் தியேட்டர் ஊழியர்களைப் பற்றித்தான். ஈய ஏப்ரன், தைராய்டு கவசம், கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் எல்லாம் அவர்களுக்காகத்தான். ஐந்து ஆண்டுச் சராசரியாக, அவர்கள் மேல் படும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் விதியே இருக்கிறது.

சரி, மெஷினுக்கு வருவோம். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, இதே மாதிரி முறிவில் ராடோடு சேர்த்துப் போடும் திருகுக்கு வழிகாட்டும் கம்பியைச் செலுத்தினேன். திரையில், இடுப்பு மூட்டில் பொருந்தும் தொடை எலும்பின் பந்துக்கு நட்ட நடுவே கம்பி நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். சீனியர் எதுவும் பேசாமல், சி-ஆர்மைப் பக்கவாட்டுக்குத் திருப்பச் சொல்லி ஒரு ஷாட் எடுத்தார். கம்பி பந்தின் பின்விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. உருவி எடுத்து மறுபடி போட்டோம்.

எக்ஸ்ரே காட்டுவது நிழலைத்தான். நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு நிழல்களையும் பார்த்தால்தான் கம்பி எங்கே இருக்கிறது என்று தெரியும். திருகின் முனைக்கும் பந்தின் உச்சிக்கும் உள்ள தூரத்தை இரண்டு படங்களிலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும் என்று 1995-ல் ஒரு கணக்கு வெளியானது. அதற்குள் இருந்தால், திருகு பின்னாளில் எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது மிக அரிது. நாங்கள் இன்றும் இதைத்தான் பார்க்கிறோம். இதற்குச் சாதாரண சி-ஆர்மே போதும்.

மாமா சொல்லும் 3டி மெஷினைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நியூரம்பெர்க்கில் 1972-ல் தொடங்கிய ஸீம் இமேஜிங், ஆபரேஷன் தியேட்டருக்கான சி-ஆர்ம்களையே தன் தனித்தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம். சீமென்ஸும் செய்கிறது. இவற்றின் 3டி வகைகளில் கை தானாகவே நோயாளியைச் சுற்றி வந்து வரிசையாகப் படமெடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து, சி.டி. மாதிரி குறுக்குவெட்டாகக் காட்டும். மெட்ரானிக் நிறுவனத்தின் ஓ-ஆர்ம் வளையம்போல முழுதாகவே மூடிக்கொள்ளும். முதுகெலும்பில் தண்டுவடத்தை ஒட்டித் திருகு போடும்போதும், இடுப்புக்கிண்ணமோ குதிகால் எலும்போ நொறுங்கியபோதும் இவை பெரிய வரம். தையல் போடும் முன்பே தவறு தெரிந்துவிடும், இரண்டாவது ஆபரேஷன் மிச்சமாகும். அப்படிப்பட்ட நோயாளி என்றால் நானே கோவைக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு வேண்டாம். இந்த வயதில் தொடை முறிவோடு படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷனை முடித்துவிட வேண்டும் என்பதே எங்கள் துறையின் பொதுவான வழிகாட்டுதல். ஒரு வாரம் என்பது மிக நீளம்.

உங்கள் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த ராடு அவர் வழக்கமாகப் போடுவதுதானா? மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்கிறதா? யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், ஆபரேஷன் முடியும்போது கடைசியாக எடுத்த நேர்ப்படத்தையும் பக்கவாட்டுப் படத்தையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஆறு வாரம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் திருகு நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட அவை தேவைப்படும்.