இடையம் கேட்டால் இடத்தைப் பாருங்கள்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஜிமேட் (முகாமைத்துவப் பட்டமேற்படிப்புக்கான நுழைவுப் பரீட்சை) பரீட்சைக்குப் படிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "ஐந்து தோணிகளில் கிடைத்த இறால் 8, 12, 15, க, ப கிலோ. இடையம் என்ன? கூற்று 1: ஐந்தின் சராசரி 12. கூற்று 2: க, 15ஐ விடக் கூட. க, ப இரண்டையும் கண்டுபிடிக்கவே முடியாதே! இரண்டு கூற்றும் சேர்ந்தாலும் போதாது என்று போட்டேன், பிழையாம். ஏன்?"

தம்பி, இவ்வகைக் கேள்வியில் விடையையே எழுத வேண்டியதில்லை; ஒரே விடையைச் சொல்லத் தந்த கூற்றுகள் போதுமா என்றுதான் சொல்ல வேண்டும். க எவ்வளவு, ப எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. இடையம், அதாவது ஐந்தையும் ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் மூன்றாவதாக நிற்பது எது என்பதுதான் கேள்வி.

முதலாம் கூற்றைத் தனியே எடுங்கள். மொத்தம் 60, ஆகவே க + ப = 25. இரண்டுக்கும் 12.5 வைத்தால் இடையம் 12.5. 1, 24 என்று வைத்தால் 12. இரண்டு விடை வந்துவிட்டது, கூற்று போதாது. இரண்டாம் கூற்றும் அப்படித்தான்: ப 20 என்றால் இடையம் 15, ப 10 என்றால் 12.

சரி, இரண்டையும் சேர்ப்போம். க 15ஐத் தாண்டினால் ப கட்டாயம் 10க்குக் கீழே. 12க்குக் கீழே 8உம் பவும், மேலே 15உம் கவும். நடுவில் 12 அசையாமல் நிற்கிறது. ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும். க, ப கடைசிவரை தெரியாது, தெரியவும் தேவையில்லை.

போதாது என்று காட்ட, வெவ்வேறு விடை தரும் இரண்டு உதாரணம் காணும். போதும் என்று சொல்வதற்கு உதாரணம் எத்தனை போட்டாலும் காணாது, இப்படிக் காரணம் வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இரட்டை எண்ணிக்கை வந்தால் கூடுதல் கவனம். 8, 12, 15, க என்று நாலு மட்டும் இருந்து, க 8க்கும் 15க்கும் இடையில் விழுந்தால், இடையம் 12, க இரண்டின் சராசரி. அங்கே கவின் பெறுமதியே வேண்டும். எண்கள் சம இடைவெளியில் போனால் சராசரியே இடையம், வேறொன்றும் தேட வேண்டாம்.

இப்போதைய ஜிமேட்டில் இவ்வகைக் கேள்விகள் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் வருகின்றன. அங்கே 20 கேள்விக்கு 45 நிமிடம்தான். க, பவைத் தேடி நேரத்தை விடாதீர்கள்.

பயிற்சிக்கு, அதே கணக்கில் இரண்டாம் கூற்றை "க, 13ஐ விடக் கூட" என்று மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்தால் அப்போதும் போதும். "12.5ஐ விடக் கூட" என்றால் போதாது: 12.6, 12.4 வைத்துப் பாருங்கள்.